நூலில் காந்தம் அளந்த வத்திராயிருப்புக்காரர்



விஞ்ஞானி வாழ்க்கை வரலாறு என்றால் கல்லூரி மலர்களில் ஐன்ஸ்டீன், எடிசன், சர் சி.வி. ராமன் என்று மூன்று பேர்தான் மாறி மாறி வருவார்கள். நான் எழுதப் போவது ராமனுக்குப் பக்கத்திலேயே நின்று, அவருடைய வெளிச்சத்திலேயே கொஞ்சம் மறைந்துபோன ஒரு மனிதரைப் பற்றி. பெயர் கே.எஸ். கிருஷ்ணன். பிசிக்ஸ் புத்தகத்தில் ராமன் விளைவு பாடத்தில் ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு அவர்மேல் ஆசை வந்தது ஒளியால் அல்ல, காந்தத்தால். இந்த வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் பிரித்துச் சுத்தம் செய்யப் பயன்படும் காந்த மணிகளை நம் கெமிஸ்ட்ரி லேபில் செய்ய இறங்கினோம். டி.என்.ஏ.வைக் காந்தம் நேரடியாக இழுக்காதா, நடுவில் மணி எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில்தான் இவர் அகப்பட்டார். பதில் ஒரு தமிழ்நாட்டுக்காரரின் கைவேலையில் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர். இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். அப்பா விவசாயி, அதே சமயம் தமிழும் சமஸ்கிருதமும் நன்கு கற்றவர். அந்த இலக்கிய ருசி மகனுக்கும் கடைசிவரை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம், பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னை கிறித்துவக் கல்லூரி.

பிசிக்ஸ் பட்டம் வாங்கிய கையோடு அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர்! நம் பாஷையில் சொன்னால், பசங்கள் டைட்ரேஷன் போடும்போது லேபில் கூடவே நிற்கிற ஆள். படித்தது ஒன்று, பார்த்த வேலை இன்னொன்று. ஆனால் அவர் சும்மா நிற்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைச் சுற்றி உட்கார வைத்து, பிசிக்ஸ், கணிதம், கெமிஸ்ட்ரி எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று வைத்துவிட்டார். சிலபஸ் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து கூட மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்களாம். சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்தது என்றால், அந்த ஆளிடம் ஏதோ சரக்கு இருந்திருக்க வேண்டும்!

1920-களின் தொடக்கத்தில் அவர் கல்கத்தா போனார். பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அங்கே ராமன். திரவங்களின் வழியாக ஒளியைச் செலுத்தி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கும் வேலை. கேட்க சுலபமாக இருக்கும். திரவத்தில் ஒரு தூசி இருந்தாலும் அந்தத் தூசியே ஒளியைச் சிதறடித்து மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு திரவத்தையும் வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வாலை வடித்துச் சுத்தம் செய்தார்கள். சுமார் அறுபது திரவங்கள்! கெமிஸ்ட்ரி லேபில் பழகிய கை எங்கே உதவியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்த குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள். 1930-இல் நோபல் பரிசு வந்தபோது ஒரே ஒரு பெயர். இதைப் பற்றி இன்றும் விவாதிக்கிறார்கள். 1921-இலிருந்தே அந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் ராமன், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இருட்டறையில் நின்று கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவரின் பெயரும் கூட வந்திருக்கலாம் என்பது என் கட்சி. நீங்கள் எதிர்க்கட்சி என்றால் கேண்டீனில் சந்திப்போம்.

பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் கல்கத்தாவிலேயே இல்லை. 1928 முடிவிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியர். உலகமே ராமன் விளைவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரம். அதில் பங்குள்ளவரே அதை விட்டு விலகிக் காந்தத்துக்கு வந்தார். திடீரென்று வந்தார் என்றும் சொல்ல முடியாது. காந்தப்புலத்தில் திரவங்கள் ஒளியை எப்படி மாற்றுகின்றன என்று 1927-லேயே ராமனோடு சேர்ந்து எழுதியிருந்தார். மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்ற விஷயம் அப்போதே அவர் மனதில் விழுந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்கு இரும்பை மட்டும்தான் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு எல்லாப் பொருளையும் தெரியும். இரும்பு, நிக்கல் போன்றவை பலமாக இழுக்கப்படும் ஃபெரோ காந்தப் பொருள்கள். மயில்துத்தம், மோர் உப்பு போன்றவை லேசாக இழுக்கப்படும் பாரா காந்தப் பொருள்கள். தண்ணீர், மெழுகு, அந்துருண்டை, ஏன், நம் உடம்பில் பெரும்பகுதி கூட டயா காந்தம். காந்தத்தைக் கண்டால் மிக மிக லேசாக விலகும். எவ்வளவு லேசு என்றால், தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு கூட வராது. அதுவும் மைனஸ் குறியோடு.

இந்த ஒன்றுமில்லாத விசையைத்தான் கிருஷ்ணன் அளக்கப் புறப்பட்டார். அளக்க என்ன கருவி? ஒரு மின்காந்தம். அதன் இரு முனைகளுக்கு நடுவில், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கும் ஒரு சிறிய படிகம். இழையின் மேல்நுனியில் டிகிரி குறித்த ஒரு வட்டத் தலை. அவ்வளவுதான் அடிப்படை!

வேலை செய்யும் விதம் அழகு. படிகத்துக்கு ஒரு பிடித்த திசை உண்டு. காந்தப்புலத்தில் அந்தத் திசை பார்த்து நின்றுகொள்ளும். இப்போது மேலே உள்ள தலையை மெதுவாகத் திருகினால் இழை முறுக்கேறும். குழந்தைத் தூளியைக் கையால் முறுக்குகிறோமே, அதேபோல. படிகம் உடனே கூடவே திரும்பாது, காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். படிகம் சரியாக 45 டிகிரி திரும்பும்போது புலத்தின் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் பிடி குறைய ஆரம்பிக்கும், முறுக்கு ஜெயித்துவிடும், படிகம் பட்டென்று சுழன்றுவிடும். அது சுழலும்போது மேல்தலை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். இழையின் முறுக்கு மாறிலி, படிகத்தின் எடை, புலத்தின் வலிமை மூன்றையும் வைத்து, ஒரு திசைக்கும் மறு திசைக்கும் காந்தத்தன்மை எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுவிடலாம். விசையை அளக்காமல் அது தோற்கும் கணத்தைப் பிடிக்கிறார், பாருங்கள்! மெக்கானிக்கல் பசங்கள் டார்ஷன் டெஸ்ட் போடும்போது இவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

பி.சி. குகா, சாந்திலால் பானர்ஜி முதலிய இளைஞர்கள் அவரோடு வேலை செய்தார்கள். 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இவர்களுடைய நீண்ட கட்டுரைகள் வரத் தொடங்கின. அதே ஆண்டு கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தா திரும்பினார். வேலை தொடர்ந்தது. நம் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் மயில்துத்தம், இரும்புக் குடும்பத்து உப்புகள், கிராஃபைட் எல்லாம் அவர் இழையில் தொங்கியிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அந்துருண்டைக் கதை. அந்துருண்டை என்பது நாப்தலின். அதன் மூலக்கூறு இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டை வடிவம், சின்ன அப்பளம் மாதிரி. இப்படிப்பட்ட தட்டை வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. காந்தப்புலம் அப்பளத்தின் முகத்தில் நேராக மோதினால் டயா காந்த எதிர்ப்பு அதிகம். விளிம்போடு ஓடினால் குறைவு. ஆகவே படிகம் எந்தப் பக்கம் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தால், உள்ளே அந்த அப்பளங்கள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். எக்ஸ்-கதிர் முறையோடு இது கைகோத்துக்கொண்டது. பென்சீன் வளையம் தட்டை என்று எக்ஸ்-கதிரால் காட்டிய கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-இல் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள்.

இப்போது எங்கள் கேள்விக்கு வருகிறேன். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிந்தது 1953-இல். அதன் ஏணிப்படிகள் எவை? தட்டையான வளையங்கள்! அடுக்கி வைத்த அப்பளங்கள்! டி.என்.ஏ. பற்றி கிருஷ்ணன் ஆராயவில்லை. ஆனால் அவர் அந்துருண்டையில் கண்டது இங்கேயும் செல்லும். மிக வலுவான காந்தப்புலத்தில் டி.என்.ஏ. இழை புலத்துக்குக் குறுக்காகச் சற்றே திரும்பி நிற்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். திரும்பும், ஆனால் காந்தத்தை நோக்கி வராது. டி.என்.ஏ.வும் டயா காந்தம், அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் டயா காந்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ இன்னும் சொற்பம்.

நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். நம் பெரம்பலூர் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சின்ன வெங்காயத்துக்கு வராது. நாலு வெங்காயத்தை நசுக்கி, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, வடிகட்டி, சில்லென்ற ஸ்பிரிட்டை ஓரமாக மேலே ஊற்றினோம். நடுவில் வெள்ளையாக நூல் நூலாக மிதந்து வந்தது. குரும்பலூரில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் வாங்கி வந்திருந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் காட்டினோம். ஊஹூம், அசையவே இல்லை. அந்த நூலும் சுத்த டி.என்.ஏ. அல்ல. புரதம், பெக்டின் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெட்ரிக் மீஷர், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளின் சீழிலிருந்து முதன்முதலில் இந்தப் பொருளைப் பிரித்தபோதும், புரதத்தை விலக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆக, காந்தம் இழுக்காத சரக்குக்குக் காந்தம் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டிதான் காந்த மணி.

மணியின் உட்கரு மாக்னடைட், அதாவது கருப்பு இரும்பு ஆக்சைடு. செய்வதற்கு ஒரு பங்கு பெரஸ் இரும்புக்கு இரண்டு பங்கு பெரிக் இரும்பு. பெரஸுக்கு நாங்கள் எடுத்தது மோர் உப்பு. பெரஸ் சல்பேட் பாட்டிலுக்குள்ளேயே காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும், மோர் உப்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. டைட்ரேஷனில் 392 என்று மனப்பாடம் செய்தோமே, அந்த எண் இங்கே உதவியது! 3.92 கிராம் மோர் உப்பு, 5.4 கிராம் பெரிக் குளோரைடு. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள காற்றே பெரஸைக் கெடுத்துவிடும். சூடாக்கிக் கலக்கிக்கொண்டே அம்மோனியாவை விட்டோம். ஆரஞ்சுப் பழுப்பாக இருந்த கரைசல் கண் எதிரே மை மாதிரி கருத்தது. அம்மோனியா நெடியில் கண்ணீர் வேறு. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, லேபில் சார் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பீக்கருக்கு அடியில் அதே ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தால் கருப்பு எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே தெளிந்த நீரைக் கொட்டினோம். அம்மோனியா போகும்வரை அலம்பினோம். கணக்குப்படி 2.3 கிராம் வர வேண்டும், எங்களுக்கு வந்தது 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஸ்பீக்கர் காந்தமும் இரும்பு ஆக்சைடு வகைதான். ஆக்சைடை ஆக்சைடு இழுத்தது.

இப்படிச் செய்யும் துகள்கள் பொதுவாகச் சுமார் 10 நானோமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. இத்தனை சின்னதாகப் போனால் மாக்னடைட்டின் குணமே மாறிவிடும். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை பலமாக இழுபடும், எடுத்துவிட்டால் தான் காந்தமாக இருந்ததையே மறந்துவிடும். காந்தத்தில் தேய்த்த ஆணிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்காது, மறுபடியும் தண்ணீரில் பரவிவிடும். இதற்குச் சூப்பர் பாரா காந்தம் என்று பெயர். இதன் கணக்கை 1949-இல் விளக்கியவர் பிரான்சின் லூயி நீல். மணிகள் கலங்கவும் வேண்டும், கூப்பிட்டால் ஓரம் வரவும் வேண்டும் என்றால் இந்த மறதி அவசியம்.

உட்கருவுக்கு மேல் சிலிக்கா பூச வேண்டும். டெட்ரா எத்தில் ஆர்த்தோ சிலிகேட் என்ற திரவத்தை ஆல்கஹாலில், அம்மோனியா சேர்த்து வினைப்படுத்தினால் துகளின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் படியும். அந்தத் திரவம் எங்களிடம் இல்லாததால் கருப்பு மையோடு நிறுத்திக்கொண்டோம். பூசிய மணி கிடைத்துவிட்டால் மீதி சுலபம். செல்லை உடைத்த கரைசலில் குவானிடின் உப்பு நிறைய இருந்தால், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் சுவரில் காந்தம் வைத்தால் மணிகள் ஒரு பொட்டாகக் கூடும். அழுக்கு நீரைக் கொட்டி, ஆல்கஹாலில் இரண்டு முறை அலம்பி, உலர்த்தி, கொஞ்சம் சுத்தமான நீர் விட்டால் ஒட்டியது கழன்று நீருக்கு வந்துவிடும். ஆர்.என்.ஏ. மட்டும் வேண்டுமென்றால் நடுவில் டி.என்.ஏ.வைத் தின்னும் ஒரு நொதியை விடுவார்கள். கையுறை கட்டாயம், ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி நம் விரல் வேர்வையிலேயே இருக்கிறது. வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ் மெஷின் இல்லாமலே அத்தனையும் முடியும். அந்த மெஷின் இல்லாத லேபுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2020-இல் கொரோனா பரிசோதனைக்கு ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட்டுகளுக்கு உலகமே தவித்தபோது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் காந்தத் துகள்களை வைத்துச் சொந்தமாக ஒரு கிட் உருவாக்கியது. அதற்கு முந்தின வருடமே ஜெர்மனி, நியூசிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்த மணிகளை லேபிலேயே செய்யும் முறைகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருந்தார்கள். பூட்டி வைக்காமல் கொடுத்தார்களே, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

கிருஷ்ணனின் மீதி வாழ்க்கை பதவிகளும் விருதுகளுமாக வேகமாகப் போகிறது. 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-இல் சர் பட்டம். 1954-இல் பத்ம பூஷண். 1958-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். எனக்கு இந்தப் பட்டியலைவிட 1947 முக்கியம். அந்த ஆண்டு டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். நாட்டின் மீட்டர், கிலோகிராம், வினாடி ஆகியவற்றின் மூல அளவைப் பாதுகாக்கும் இடம் அது. நம் ஒர்க்ஷாப் மைக்ரோமீட்டருக்குக் காலிப்ரேஷன் சர்டிபிகேட் கேட்கிறோமே, அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. மின்சாரம் பாய்ந்து சூடேறிய கம்பியில் வெப்பம் நீளவாக்கில் எப்படிப் பரவியிருக்கும் என்ற கேள்வியை 1950-களில் எடுத்துக்கொண்டார். மறுபடியும் ஒரு கம்பி, ஒரு கணக்கு! 1961 ஜூன் 14-ஆம் தேதி டில்லியில் காலமானார். வயது 62.

நாங்கள் செய்த கருப்பு மை, கெமிஸ்ட்ரி லேபில் இரண்டாவது அலமாரியில், மூடிய ரீஏஜென்ட் பாட்டிலில் இருக்கிறது. லேபிளில் மாக்னடைட் என்று எழுதியிருக்கும். காந்தமும் பக்கத்திலேயே இருக்கிறது. முதலாம் ஆண்டுத் தம்பிகள் பாட்டிலைத் திறக்காமல் வெளியிலிருந்தே காட்டிப் பாருங்கள், சுவரோரம் வந்து நிற்கும். பார்த்த பிறகு காந்தத்தை மறக்காமல் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், அடுத்த பேட்ச் சிலிக்கா பூசும்போது அது தேவைப்படும்.